இந்த நோயாளிக்கு இந்த மருந்து எதற்காக?

நர்சிங் மாணவிகளின் மருந்தியல் நோட்டுகளில், கல்லூரி எதுவானாலும், ஒரே மாதிரியான ஓர் அட்டவணையைப் பார்க்கலாம். இடப்பக்கக் கட்டத்தில் மருந்து வகையின் பெயர், நடுக்கட்டத்தில் அந்த வகையைச் சேர்ந்த இரண்டு மூன்று மருந்துகள், வலப்பக்கக் கட்டத்தில் பயன். பீட்டா தடுப்பான் என்றால் உயர் இரத்த அழுத்தம். சிறுநீர்ப்பெருக்கி என்றால் உடல் வீக்கம். ஸ்டீராய்டு என்றால் அழற்சி. இன்சுலின் என்றால் சர்க்கரை நோய். தேர்வுக்கு முந்தைய இரவில் பாடத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. மருந்தியல் கற்பிக்கும் எங்களில் பலர் கரும்பலகையில் எழுதுவதும் இதே அட்டவணையைத்தான். அந்த வலப்பக்கக் கட்டம் மட்டும் எனக்கு நெடுநாளாக நெருடிக்கொண்டே இருந்தது. ஏன் நெருடுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல முடிந்தது, ஆண்கள் மருத்துவ வார்டில் ஒரு மதியம் டியூட்டி மாறும் நேரத்தில் நடந்ததைப் பார்த்த பிறகுதான்.

மதுப்பழக்கத்தால் கல்லீரல் சுருங்கிப்போன, ஐம்பது வயதைத் தொட்ட ஒருவர் அந்த வார்டில் இருந்தார். சில வாரங்களுக்கு முன் இரத்த வாந்தி எடுத்து, எண்டோஸ்கோப்பி மூலம் உணவுக்குழாயின் அடியில் புடைத்திருந்த சிரைகளுக்கு வளையமிடப்பட்டு வீடு திரும்பியவர். மீதமிருந்த சிரைகளுக்கு வளையமிடுவதற்காக மறுபடி சேர்க்கப்பட்டிருந்தார். அவருடைய மருந்து அட்டையில் புரோப்பிரனலால் என்ற பீட்டா தடுப்பான் காலையும் இரவும் என்று இருந்தது. காலை மருந்தை அந்த வார்டுக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி கொடுக்கவில்லை. இரத்த அழுத்தம் 106/70 என்று குறித்து, அதனால் மருந்து நிறுத்திவைக்கப்பட்டது என்று அழகான கையெழுத்தில் எழுதியும் வைத்திருந்தாள். பொறுப்பேற்க வந்த மூத்த ஸ்டாஃப் நர்ஸ் காரணம் கேட்டார். “பிரஷர் நார்மலா இருக்கு சிஸ்டர், அதனால பிரஷர் மாத்திரை கொடுக்கல” என்றாள். அவர் கோபப்படவில்லை. “பல்ஸ் எவ்வளவு போட்டிருக்கே?” என்று மட்டும் கேட்டார். “எழுபத்தெட்டு.” “அப்படின்னா மாத்திரை பத்தலைன்னு அர்த்தம்மா. நீ நிறுத்தியிருக்கே.”

இந்தச் சிறு உரையாடலை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அலட்சியமானவள் அல்ல. மருந்து கொடுக்கும் முன் இரத்த அழுத்தம் பார்த்தாள், நாடித் துடிப்பை எண்ணினாள், தன் முடிவைப் பதிவு செய்தாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றையும் செய்தாள். சிஸ்டாலிக் அழுத்தம், அதாவது மேல் எண், 90-க்குக் கீழே இருந்திருந்தால் மருந்தைக் கொடுக்காமல் மருத்துவரை அழைப்பதே சரி. அந்த எச்சரிக்கை உணர்வு அவளிடம் இருந்தது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: இந்த மனிதருக்கு இந்த மாத்திரை இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படவில்லை என்ற செய்தி. கல்லீரல் இறுகிவிட்டால் குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி, அந்த இரத்தம் உணவுக்குழாய்ச் சிரைகள் வழியே வழிதேடும். புரோப்பிரனலால் இதயத்தின் பீட்டா ஒன்று ஏற்பிகளை (அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்களை) அடைத்து இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவைக் குறைக்கிறது. குடல் சார்ந்த இரத்தக் குழாய்களின் பீட்டா இரண்டு ஏற்பிகளை அடைத்து அவற்றைச் சுருங்கவைக்கிறது. இரண்டும் சேர்ந்து போர்ட்டல் சிரைக்குள் வரும் இரத்தம் குறைகிறது. 1980-களின் தொடக்கத்தில் பாரிஸில் திதியே லெப்ரெக்கும் அவருடைய குழுவினரும் செய்துகாட்டிய சிகிச்சை இது. மருந்து போதுமான அளவில் வேலை செய்கிறதா என்பதற்கு வார்டில் நாம் பார்க்கக்கூடிய அடையாளம் நாடித் துடிப்பு; ஓய்வாக இருக்கையில் அது 55-இலிருந்து 60-க்குள் வரவேண்டும். ஆகவே அவள் எழுதிய 78 என்ற எண்தான் அன்று அந்த அட்டையிலேயே முக்கியமான எண். அதை எழுதியவளால் படிக்க முடியாமல் போனது. நல்ல வேளையாக அன்று பணியிலிருந்த மருத்துவர் உடனே மருந்தைக் கொடுக்கச் சொன்னார்; மறுநாள் ரவுண்ட்ஸில் அளவையும் கூட்டினார்கள்.

பாடநூலில் பீட்டா தடுப்பான்களின் பயன்கள் என்ற தலைப்பின் கீழ் இதுவும் இருக்கிறது. மார்புவலி, ஒற்றைத் தலைவலித் தடுப்பு, தைராய்டு மிகைச் சுரப்பு, கைநடுக்கம் ஆகியவையும் இருக்கின்றன. தேர்வில் கேட்டிருந்தால் அந்த மாணவி ஐந்தையும் எழுதியிருப்பாள் என்றே நம்புகிறேன். ஆனால் பட்டியலின் முதல் வரி மருந்தின் மறுபெயராகவே ஆகிவிடுகிறது. பிரஷர் மாத்திரை, சர்க்கரை ஊசி, நீர் மாத்திரை என்று வார்டிலும் வீட்டிலும் புழங்கும் பெயர்கள் எல்லாம் அந்த முதல் வரியிலிருந்து வந்தவைதான். நோயாளிகள் அப்படிச் சொல்வதில் தவறில்லை. நர்ஸின் மனத்திலும் அந்தப் பெயரே தங்கிவிட்டால், எதை அளக்க வேண்டும் என்பதே மாறிப்போய்விடுகிறது.

பிறந்த காரணமும் வாழும் காரணமும்

புரோப்பிரனலாலின் வரலாற்றையே எடுத்துக்கொண்டால், அது இரத்த அழுத்தத்துக்காகப் பிறந்ததே அல்ல. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக், ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இதைத் தேடியது மார்புவலிக்காக. இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க மற்றவர்கள் முயன்றுகொண்டிருந்தபோது, இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். 1964-இல் புரோப்பிரனலால் வந்தது. அதைப் பெற்ற நோயாளிகளிடம் இரத்த அழுத்தமும் இறங்குவதை லண்டனில் பிரையன் பிரிச்சர்டு கவனித்து அதே ஆண்டில் எழுதினார். 1988-இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் 2008-இல் பிரான்சின் போர்தோ நகரத்தில் கிறிஸ்தீன் லேயோத்தே-லப்ரேஸ் என்ற குழந்தைகள் தோல் மருத்துவர், இதயக் கோளாறுக்காக இந்த மருந்தைப் பெற்ற ஒரு குழந்தையின் முகத்திலிருந்த பெரிய இரத்தக்குழாய்க் கட்டி சுருங்குவதைக் கண்டார். இன்று கைக்குழந்தைகளின் அத்தகைய கட்டிகளுக்கு முதலில் கொடுக்கப்படும் மருந்து இதுதான்.

அத்தகைய குழந்தைக்கு இந்த மருந்தைக் கொடுக்கும் நர்ஸ் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, குழந்தை பால் குடித்ததா என்பது. வெறும் வயிற்றில் கொடுத்தால் குழந்தையின் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம். வாந்தியோ பால் குடிக்க மறுப்போ இருந்தால் அந்த வேளை மருந்தைத் தவிர்த்துவிட வேண்டும். அதே மருந்தைத் தைராய்டு நோயாளிக்குக் கொடுக்கையில் படபடப்பும் விரல் நடுக்கமும் அடங்குகின்றனவா என்று பார்க்கிறோம். கல்லீரல் நோயாளியிடம் நாடித் துடிப்போடு மலம் கறுப்பாகப் போகிறதா என்றும் கேட்கிறோம். ஒற்றைத் தலைவலிக்காக எடுப்பவரிடம் மாதத்தில் எத்தனை முறை வலி வந்தது என்பதே அளவுகோல். மாத்திரை ஒன்றுதான். ஆனால் நர்ஸின் கண் போகவேண்டிய இடம் ஒவ்வொருவரிடமும் வேறு.

வேண்டாத விளைவே வேண்டியதாகும்போது

அட்ரோபினைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. அறுவை அரங்கில் மாணவிகள் பார்க்கும் அட்ரோபின் 0.6 மில்லிகிராம் கொண்ட ஒரு சின்ன ஆம்பூல். ஒன்று போட்டாலே போதும். வாய் உலர்தல், இதயம் வேகமாகத் துடித்தல், கண்பாவை விரிதல் ஆகியவற்றை வேண்டாத விளைவுகள் என்ற தலைப்பில் எழுதிப் படித்திருப்பார்கள். பிறகு ஒருநாள் பூச்சிமருந்து குடித்த ஒருவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருகிறார்கள். நம் ஊரக மருத்துவமனைகளில் பணியாற்றிய எவரும் இந்தக் காட்சியைக் காணாமல் இருந்திருக்க முடியாது. ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சால் நுரையீரல் முழுவதும் நீர் சுரந்து, வாயில் நுரை தள்ளி, பாவைகள் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். அங்கே ஆம்பூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைக்கப்படுகின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்து, பலன் இல்லையென்றால் அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறார்கள். முதல்முறை பார்க்கும் மாணவி, ஏதோ பிழை நடக்கிறது என்றே பயப்படுவாள். அந்தப் பயம் நியாயமானது. அவள் படித்த அளவுக்கும் இங்கே நடப்பதற்கும் தொடர்பே இல்லை.

இங்கே நோட்டில் வேண்டாத விளைவுகள் என்று எழுதப்பட்டவையே நாம் எதிர்பார்த்து நிற்கும் அறிகுறிகள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் நுரையீரல் தெளிவாகக் கேட்க வேண்டும், நாடித் துடிப்பு 80-ஐத் தாண்ட வேண்டும், சிஸ்டாலிக் அழுத்தமும் 80-ஐத் தாண்ட வேண்டும், அக்குள் உலர வேண்டும், பாவை ஊசிமுனையிலிருந்து விரிய வேண்டும். இவை வந்த பிறகும் ஓய முடியாது. நோயாளி பிதற்றத் தொடங்கினால், உடல் கொதித்தால், வயிற்றில் குடலோசை நின்றுவிட்டால் மருந்து மிஞ்சிவிட்டது என்று பொருள். சொட்டுசொட்டாக ஏறும் அட்ரோபினை நிறுத்திவைக்க மருத்துவரை அழைக்க வேண்டும். இரவு முழுவதும் இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நர்ஸ்தான். அசிட்டைல்கோலின் என்ற நரம்புத் தூதுப்பொருள் வந்து ஒட்டும் மஸ்கரினிக் ஏற்பியை அட்ரோபின் அடைத்தால் எந்தெந்த உறுப்பில் என்ன நடக்கும் என்று புரிந்துகொண்ட மாணவிக்கு இந்த முழுப் பட்டியலையும் தானே வருவித்துக்கொள்ள முடியும். “அட்ரோபின் – அறுவைக்கு முன்” என்று மட்டும் படித்தவளுக்கு முடியாது.

இன்னொரு கட்டிலுக்கு வருவோம். சிறுநீரகம் செயலிழந்து, இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிய ஒருவர். அவருக்குக் கால்சியம் குளுக்கோனேட் ஊசி போகிறது, இன்சுலின் போகிறது, சால்பியூட்டமால் நெபுலைசர் வைக்கிறார்கள். அவருக்கு எலும்புக் கோளாறு இல்லை, சர்க்கரை நோய் இல்லை, ஆஸ்துமாவும் இல்லை. அட்டவணையை நம்பியவளுக்கு மூன்றுமே தவறான மருந்துகளாகத்தான் தெரியும். கால்சியம் இங்கே பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. இதயத் தசையைத் தாறுமாறான துடிப்பிலிருந்து காக்கிறது, ஆகவே பார்க்கவேண்டியது ஈ.சி.ஜி. இன்சுலினும் சால்பியூட்டமாலும் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளுகின்றன. வழக்கமாக 10 அலகு ரெகுலர் இன்சுலினுடன் 25 கிராம் குளுக்கோஸ் சேர்த்துக் கொடுப்பார்கள். குளுக்கோஸின் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும். சிறுநீரகம் பழுதானவரின் உடலிலோ இன்சுலின் நெடுநேரம் தங்கும். எனவே இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அவர் வியர்த்துத் தடுமாறுவது சர்க்கரை இறங்கியதால் இருக்கலாம். அவர் பெயருக்கு எதிரே சர்க்கரை நோய் என்று எங்கும் எழுதப்பட்டிருக்காது என்பதால், காரணம் தெரியாத நர்ஸ் குளுக்கோமீட்டரை எடுக்கவே மாட்டாள். காரணம் தெரிந்தவள் அடுத்த ஆறு மணி நேரத்துக்கு மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்ப்பாள். மில்லிலிட்டருக்கு 40 அலகு இன்சுலின் உள்ள வயலுக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100 அலகு உள்ள வயலுக்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு என்ற எச்சரிக்கையையும் இந்த இடத்தில் நான் சேர்த்தே சொல்வதுண்டு. அவசரத்தில் மாறிப்போனால் அளவு இரண்டரை மடங்கு பிறழும்.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரசவ வார்டில் குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேர இடைவெளியில் நான்கு ஊசிகள் போடுவது, பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரலுக்காக. 2020-இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வுக்குப் பிறகு, ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு அதே 6 மில்லிகிராம் நாளுக்கு ஒருமுறை கொடுத்தோம். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கும், கீமோதெரபியின் வாந்திக்கும் கூட இதே மருந்துதான்.

அப்படியென்றால் வகை எதற்கு?

இவ்வளவும் சொன்ன பிறகு, வகைகளையே மறந்துவிடலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். அது நான் சொல்லவந்ததற்கு நேர் எதிர். ஒரு மருந்து எதற்காகக் கொடுக்கப்பட்டாலும், அந்த வகைக்குரிய ஆபத்து அதைவிட்டு விலகுவதில்லை. கைநடுக்கத்துக்காகப் புரோப்பிரனலால் எழுதப்பட்ட பெண்ணுக்கு ஆஸ்துமா இருந்தால், மூச்சுக்குழாயின் பீட்டா இரண்டு ஏற்பிகளும் அடைபட்டு அவருக்கு மூச்சுத் திணறும். மருந்து நடுக்கத்துக்காகத்தானே என்று அவருடைய நுரையீரல் சலுகை காட்டாது. எனாலாபிரில், ராமிபிரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பான்கள் இரத்த அழுத்தத்துக்காக இருந்தாலும், இதயச் செயலிழப்புக்காக இருந்தாலும், சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் காப்பதற்காக இருந்தாலும், வறட்டு இருமல் வரலாம், பொட்டாசியம் ஏறலாம், உதடும் நாக்கும் வீங்கலாம். கருவுற்ற பெண்ணுக்கு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஸ்டீராய்டை நெடுநாள் எடுத்தவர் எந்த நோய்க்காக எடுத்திருந்தாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்தின் வகை தெரிந்தால் அது உடலில் எதையெல்லாம் செய்யக்கூடும் என்பது தெரியும். அவற்றில் எதை எதிர்பார்த்து இந்த நோயாளிக்குக் கொடுக்கிறோம் என்பதைக் காரணம் சொல்லும். இரண்டும் தெரிந்த பிறகுதான் மருந்துத் தட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

பெயரின் கடைசி அசையை வைத்து வகையை அடையாளம் காணும் முறையையும் நான் கைவிடவில்லை. “லால்” என்று முடிந்தால் பீட்டா தடுப்பான், “பிரில்” என்று முடிந்தால் ஏ.சி.இ. தடுப்பான், “சார்ட்டன்” என்று முடிந்தால் ஆஞ்சியோடென்சின் ஏற்பி தடுப்பான் என்பவை உதவியான அடையாளங்களே. ஆனால் பேன்டோபிரசோலைப் படித்த கையோடு அரிபிப்ரசோலையும் இரைப்பை அமிலத்துக்கான மாத்திரை என்று எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. அது உளப்பிணி மருந்து. மருந்துகளை முறையாக வகைப்படுத்துகிறவர்களும் ஒரு மருந்தை ஒரே கட்டத்துக்குள் அடைக்க முடியாமல்தான் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்தும் ஏ.டி.சி. வகைப்பாட்டில் ஆஸ்பிரினுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகள் உண்டு: இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் மருந்தாக ஓரிடத்தில், வலி நீக்கியாக இன்னோரிடத்தில். மாரடைப்புக்குப் பிறகு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுப்பவர், எனக்குத்தான் தலைவலி இல்லையே என்று நிறுத்திவிடக் கூடாது என்பதை அவருக்குப் புரியவைப்பது யாருடைய வேலை? மருத்துவரின் வேலையும்தான்; ஆனால் அவரோடு அதிக நேரம் இருப்பவர் நர்ஸ்.

நோயாளியிடம் பேசுவது பற்றிச் சொல்லும்போது அமிட்ரிப்டிலினை விட்டுவிட முடியாது. சர்க்கரை நோயால் நரம்பு பாதித்து, இரவெல்லாம் பாதம் எரிந்து தூங்க முடியாதவர்களுக்குப் படுக்கும்முன் 10 அல்லது 25 மில்லிகிராம் கொடுப்பார்கள். மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைப்போல் பல மடங்கு. மாத்திரை அட்டையின் பெயரைக் கைபேசியில் தேடிப் பார்த்த ஒருவரின் மனைவி, “அவருக்கு மனநோய்னு எங்ககிட்ட சொல்லாமலேயே மாத்திரை கொடுக்கறீங்களா சிஸ்டர்?” என்று கண்கலங்கிக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். மனநோய்க்கு மருந்து எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது உண்மை; அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்ட பதில் அதுவல்ல. வலியைக் கடத்தும் நரம்புகளை இந்த மருந்து அடக்கும், பலன் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம், வாய் உலரும், மலச்சிக்கல் வரலாம், இரவில் எழும்போது தலைசுற்றும் என்பதால் கட்டிலில் சற்று உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும், சிறுநீர் போக முடியாமல் அடைத்தால் உடனே சொல்ல வேண்டும் – இவ்வளவையும் அன்று வார்டில் இருந்த நர்ஸ் ஐந்து நிமிடத்தில் சொன்னார். அந்த அம்மா கேட்டுவிட்டு, எழும்போது தலைசுற்றும் என்பதை மட்டும் இரண்டுமுறை திருப்பிக் கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

மருந்து கொடுப்பதில் ஐந்து சரிகள் என்று எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பிற்பாடு நீண்ட பட்டியல்களில் சரியான காரணமும் சேர்ந்திருக்கிறது. அது கடைசியில் ஒட்டவைத்ததுபோல் இருப்பதுதான் எனக்குக் குறை. காரணம் தெரியாவிட்டால் சரியான அளவு எது என்றே தெரியாது. அட்ரோபினிலும் அமிட்ரிப்டிலினிலும் இதைத்தான் பார்த்தோம். இப்போது என் மாணவிகளின் நோட்டில் பயன் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, உடலில் என்ன செய்கிறது, எந்த நோயாளிக்கும் எதில் ஆபத்து என்ற இரண்டு கட்டங்களை வகுப்பில் நிரப்பச் சொல்கிறேன். மூன்றாவது கட்டம் வார்டில் நிரப்பப்பட வேண்டியது: இந்த நோயாளிக்கு எதற்காக, ஆகவே எதைப் பார்க்க வேண்டும். கேஸ் ஷீட்டைப் படித்தும் காரணம் புரியாவிட்டால், ஸ்டாஃப் நர்ஸிடமோ மருத்துவரிடமோ கேட்காமல் அந்தக் கட்டத்தை எழுதக் கூடாது. இதனால் நோட்டு மெதுவாகத்தான் நிரம்புகிறது. சில மாணவிகள் தேர்வை நினைத்துக் கவலைப்படுகிறார்கள், அந்தக் கவலைக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பெரும்பாலான மருந்து அட்டைகளில் மருந்தின் பெயர், அளவு, வழி, வேளை ஆகியவற்றுக்குத்தான் இடம் இருக்கிறது. காரணத்துக்கு இடம் இல்லை. ரவுண்ட்ஸின் அவசரம் எனக்குத் தெரியும். நூறு நோயாளிகள் இருக்கும் வார்டில் ஒவ்வொரு மருந்துக்கும் விளக்கம் எழுதச் சொல்வது நடக்காத காரியம். வழக்கமான காரணத்துக்காக எழுதினால் எதுவும் வேண்டாம். வழக்கத்துக்கு மாறான காரணம் என்றால் மட்டும் ஒரு சொல் போதும். இன்சுலினுக்குப் பக்கத்தில் “பொட்டாசியம்”, அமிட்ரிப்டிலினுக்குப் பக்கத்தில் “நரம்புவலி”. மருந்து அட்டையை அடுத்தமுறை அச்சிடக் கொடுக்கும்போது, அந்த ஒரு சொல்லுக்கு ஒரு குறுகிய கட்டத்தைச் சேர்த்தால் கூடுதல் செலவு எதுவும் ஆகாது.